வேரைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் நாகரிகம் அல்ல, பயம். அச்சில் ஒருவர் பெயர் வந்தால் அது ஒரு வகைக் கையெழுத்து. தான் சரிபார்க்காத எதன் கீழும் தன் கையெழுத்து வரக்கூடாது என்பதில் அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்று கிட்டே இருந்து பார்த்தவன் நான். இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டால் வரிக்கு வரி பென்சிலால் கேள்விக்குறி போடுவார். பெயர் இல்லாவிட்டால், யாரோ யாரைப் பற்றியோ எழுதியிருக்கிறார் என்று விட்டுவிட ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது.

கள்ளக்குறிச்சி உழவர் சந்தையில் கீரை விற்கிறவர்களுக்கு அவர் ஒரு தொல்லை. கட்டைப் பிரிப்பார். ஒரு செடியை உருவி, மண்ணை உதறி, வேரை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்.

“பாயம்மா, துன்னப் போறது எலையா, வேரா?” என்று கீரைக்காரம்மா கேட்பார்.

“எலைதாங்க. ஆனா எலை மேல ரெண்டு தபா தண்ணி தெளிச்சா யாரா இருந்தாலும் ஏமாந்துருவாங்க. வேருக்கு மேக்கப் போட முடியாது.”

ஒருநாள் இவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கீரைக்காரம்மா வேரையெல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டார். இவர் வந்து கட்டைக் கையில் எடுத்தார். “இன்னாத்த மறைக்கறீங்கக்கா?” என்று கேட்டார். கீரை வாங்காமலே போய்விட்டார். கொள்கைக்காக உண்ணாவிரதம் இருந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். கொள்கைக்காக முளைக்கீரையைத் தியாகம் செய்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் குடும்பம் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தது. நூலை உருவிப் பார்த்துப் பழகிய ரத்தம்தான் வேரை உருவிப் பார்க்கிறது என்று நான் ஒரு தத்துவம் சொன்னேன். “இன்னா ஆதாரம்?” என்றார். கடையில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார். இந்தத் தம்பி துணியைப் பார்க்காமலே கிழித்து, பார்க்காமலே மடித்துக் கொடுப்பவர். தத்துவத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். கள்ளக்குறிச்சி அப்போது இன்னும் மாவட்டமாகவில்லை. செடிகளின் வேரோடு சேர்ந்து வாழும் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கி, பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து, பாக்கெட் போட்டு விற்பது எங்கள் தொழில். ஆறிய கஞ்சியில் அந்தத் தூளைக் குழைத்து, விதையை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பாக்டீரியா முளைத்த வேருக்குள் புகுந்து, கேழ்வரகு போலச் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கிக் குடியேறும். காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தரும். செடி பதிலுக்குச் சர்க்கரை தரும். கொடுக்கல் வாங்கல் சுத்தமான குடித்தனம்.

ஆய்வகம் அவருடையது. வார்த்தைகள் என்னுடையவை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, பாக்கெட்டின் முன்பக்கம் ‘மண்ணின் மைந்தர்கள் உங்கள் பையில்’ என்று எழுதிக் கொடுக்கும் உத்தியோகம். நோட்டீஸ் அடிப்பதும், டீலர் கூட்டம் நடத்துவதும், முதலாளி மேடையில் பேசத் திணறும் பேச்சை எழுதுவதும் அதில் அடக்கம். அவர் என்னை “எழுத்தாளரே” என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை.

ஒருமுறை நோட்டீஸுக்கு விஷயம் கேட்டுப் போனபோது அவர் சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

“பாக்டீரியாவோட குடும்பச் சொத்து மொத்தமும் ஒரு பெரிய வளையத்துல இருக்கு. துன்றது, வளர்றது, ரெண்டாப் பிரியறது எல்லாம் அதுல. ஆனா நம்ம பீன்ஸு பாக்டீரியாவுக்கு, வேரத் தொறக்கிற சாவி மட்டும் அதுல இல்ல. தனியா இன்னொரு வளையத்துல மாட்டிக்கினு இருக்கு. அதுக்குப் பேருதான் பிளாஸ்மிட்.”

“சாவி வளையமா?”

“அப்டியே வெச்சிக்குங்க.”

“தொலைஞ்சா செத்துருமா?”

“எதுக்குச் சாவுது? சொமை கம்மியாயிடுச்சேன்னு இன்னும் ஜாஸ்தியா வளரும். ஆளு அதே ஆளு. எண்ணுனா எண்ணிக்கைல வரும். மைக்ராஸ்கோப்ல பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. வேருகிட்டப் போய் நிக்கும்போதுதான் குட்டு ஒடையும். கதவு தொறக்காது.”

“எதனால தொலையும்?”

“சூடு. அப்பறம் சொகம். வேரே இல்லாத எடத்துல, சர்க்கரைத் தண்ணில ஊறிக்கினே இருந்தா சாவி எதுக்கு?”

எம்.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு பாக்கெட்டுக்கு வாசகம் எழுதி, ஓரளவு உடம்பும் வைத்திருந்த நான், அவர் பொதுவாகத்தான் பேசுகிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கல்வராயன்மலையில் புதிதாகத் திருத்திய நிலத்தில் பீன்ஸ் போடும் குடும்பங்களுக்கு, ஏதோ ஒரு திட்டத்தின் கீழ், ஆடி விதைப்புக்கு முன்னால் பாக்கெட் கொடுக்க வேண்டும். சரக்கு தயாரானது. கிராமுக்கு எத்தனை கோடி பாக்டீரியா என்று எண்ணினார்கள். விதி கேட்பதைவிடப் பல மடங்கு இருந்தது. முதலாளி லட்டு வாங்கி வரச் சொன்னார்.

ஆய்வகத்திலிருந்து வந்த அவர் லட்டை எடுக்கவில்லை. முதல் பாக்கெட் வந்த நாளிலிருந்து, ஈரச் சாக்கு தொங்கவிட்ட குளிர்ச்சியான அறையில் ஒரு மாதமாகத் தொட்டியில் பீன்ஸ் வளர்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு செடிகளைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டு வந்து, முதலாளியின் மேசைமேல் லட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது போன வருஷத்து மிச்சப் பாக்கெட் போட்டது. இது இந்த வருஷத்துது.”

முதல் செடியின் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. இரண்டாவது வேர் சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தது.

“கவுன்ட் நல்லா இருக்கேம்மா?” என்றார் முதலாளி.

“ஜாஸ்தியாவே இருக்கு. அதான் சந்தேகம்.”

“ஜாஸ்தியா இருந்தா சந்தோசப்படணும்மா. லோடு நாளைக்கு ஏறணும். ஒரு மாசம் செடி வெச்சிப் பாத்துக்கினு குந்தியிருக்க எவன்கிட்ட டைம் இருக்கு? ஊர்ல எல்லாரும் எண்ணிப் பாத்துட்டுத்தான் அனுப்பறான்.”

“அனுப்பட்டுங்க. நான் கையெழுத்து போடல.”

“எண்ணிக்கைக்கு மட்டும் போடு.”

“போடறேன். பக்கத்துலயே ‘வேரில் முடிச்சு இல்லை’ன்னு எழுதுவேன்.”

எழுதினார். முதலாளி அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யோவ், நீ எம்.ஏ. தான?”

“தமிழுங்க.”

“எம்.ஏ. எம்.ஏ.தான்.”

அவ்வளவுதான். தரச் சான்றிதழில் ‘பொறுப்பு அலுவலர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்து போட்டேன். யாருடையது என்று பிற்காலத்தில் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாத கையெழுத்து. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எழுத்தாளரே, உங்க எழுத்து நல்லா இருக்குமே. இன்னா ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நோட்டீஸ் கட்டோடு நான் லோடு வண்டியில் வெள்ளிமலைக்கு ஏறினேன். வண்டி போய்ச் சேருவதற்கு முன்பே அவர் முதல் பஸ்ஸில் போய் இறங்கியிருந்தார். பாக்கெட் வாங்க வந்த கூட்டத்தின் நடுவில் முடிச்சில்லாத ஒரு பீன்ஸ் செடியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தேர்தலில் சின்னம் காட்டுகிறவர் மாதிரி இருந்தது.

கூட்டத்தில் காசியம்மா இருந்தார். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் பயிர் வைக்கிறவர். எங்கள் பாக்டீரியாவே ஆதியில் இந்த அம்மா வயலில் விளைந்த பீன்ஸ் வேரிலிருந்து அவர் பிரித்தெடுத்ததுதான். அந்த உரிமையில் காசியம்மா யாரையும் எதையும் கேட்பார்.

“இன்னா பாயம்மா, கொழம்புக்கா?”

“பாக்கெட்டுல இருக்கறதுக்கு வேல தெரியாது காசியம்மா. வாங்கிக்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பழைய பீன்ஸுக் கொல்லையிலருந்து கூடைக்கூடையா மண்ணு அள்ளியாந்து புதுக் காட்டுல தூவுங்க. வேல தெரிஞ்சது அதுலதான் இருக்கு.”

“மண்ண எடுத்து மண்ணுல போடச் சொல்றதுக்கா மல ஏறி வந்தீங்க?”

“ஆமாங்க.”

“இந்தாளு நோட்டீஸ்ல அப்டி ஒண்ணும் போடலியே?” என்று காசியம்மா என்னைப் பார்த்தார்.

“அவரு நல்லா எழுதுவாரு. அதான் போடல,” என்றார் இவர்.

நான் நோட்டீஸ் கொடுப்பதில் மிகவும் மும்முரமாக இருந்தேன்.

காசியம்மாவும் இன்னும் சில குடும்பங்களும் மண் தூவினார்கள். அவர்கள் பீன்ஸ் தழைத்தது. பாக்கெட்டை மட்டும் நம்பியவர்களின் செடிகள் பூக்கிற நேரத்தில் மஞ்சளடித்து நின்றன. அதற்கு முன்பே அவருக்கு வேலை போயிருந்தது. மலையிலிருந்து புகார் வந்ததும் முதலாளி திட்டக்காரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: ஆய்வகப் பொறுப்பாளர் தாய் வித்தைக் கவனக்குறைவால் கெடுத்துவிட்டார், அவரை நீக்கிவிட்டோம், இனி இப்படி நடக்காது. தாய் வித்து என்பது ஆய்வகக் குளிர்பெட்டியில் கண்ணாடிக் குழாய்களில் இருக்கும் மூல பாக்டீரியா. எல்லாச் சரக்கும் அதிலிருந்துதான் பெருகும். அதைக் கெடுத்தவர் என்று பெயர் வாங்கினால் இந்தத் தொழிலில் வேறெங்கும் உள்ளே விடமாட்டார்கள். விடவில்லை.

அந்தக் கடிதத்தின் தமிழ் நன்றாக இருக்கும். நான்தான் எழுதினேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அந்த வருஷம் சித்திரையில் டீலர் கூட்டம் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வருகிறவர்களுக்கு ஜில்லென்று மோர் கொடுத்தால் ஆர்டர் கூடும் என்பது என் யோசனை. மோர்ப் பானைகளுக்கு இடம் வேண்டுமே. அவர் ஒரு கல்யாணத்துக்காகத் திருக்கோவிலூர் போயிருந்தார். குளிர்பெட்டியிலிருந்து தாய் வித்துக் குழாய்களை எடுத்து, ஆய்வகப் பாத்திரங்களை நீராவியில் வேகவைக்கும் அறையின் பரண்மேல், பத்திரமாக, துண்டு விரித்து வைத்தேன். மூன்று நாள். நான்காம் நாள் அவர் வருவதற்குள் திரும்ப அடுக்கிவிட்டேன். மோரை எல்லாரும் பாராட்டினார்கள்.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்துச் சூடு என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. உறைத்தும், ஒன்றும் தெரியாதவன் முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் சம்பளம் வாங்கினேன்.

அந்த மூன்று வருஷமும் அவர் ஜவுளிக்கடை மாடியில் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்தார். டியூஷன் இல்லாத நேரத்தில் அந்த மாடியே ஆய்வகம். நீராவிக்குப் பிரஷர் குக்கர். பாக்டீரியா வளர்க்கும் தட்டுக்கு, நோன்பு மாதத்தில் வீட்டில் இனிப்பு செய்கிற கடல்பாசி. ஒரு நோன்பில் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், அலமாரியில் பளபளப்பாக அடுக்கியிருந்த தட்டுகளைக் கண்டு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

“மாமா, அத வைங்க. அது வெள்ளிமல மண்ணு,” என்றாராம் இவர்.

“பாக்க நல்லாருக்கேம்மா.”

“எல்லாமே பாக்க நல்லாத்தான் மாமா இருக்கு.”

அந்த மாடிக்குத்தான் மூன்றாம் வருஷம் முதலாளி ஏறி வந்தார். துணைக்கு நான். முதலாளியின் முகம் மலர்ந்திருந்தது. மலையில் எங்கள் பாக்கெட் போட்ட சில கொல்லைகளில் வேருக்கு வேர் முடிச்சு என்று சேதி வந்திருந்தது. புதிய ஆர்டர் கிடைக்க ஒரே ஒரு தாள் வேண்டியிருந்தது.

“ஒம் பாக்டீரியா வேல செஞ்சிருக்கும்மா. லேட்டா செஞ்சிருக்கு, அவ்ளோதான். ‘பாக்கெட் சரிதான், நான் அன்னிக்கி அவசரப்பட்டுட்டேன்’னு ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்து போடு. அந்த லெட்டர நான் வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்கே வேலைக்கு வா.”

மூன்று வருஷத்துப் பழியும் ஒரு கையெழுத்தில் போய்விடும். கடைக்கு வருகிறவர்கள் “அக்காவுக்கு ஏன் வேல போச்சு?” என்று தம்பியைக் கேட்பது நின்றுவிடும். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா பக்கத்திலேயே இருந்தது.

“வேரக் காட்டுங்க,” என்றார்.

முதலாளி வேர் கொண்டுவரவில்லை. வேரைக் கேட்டவரே மறுநாள் மலையேறினார். இரண்டு மாதம் கழித்து எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் பாக்டீரியாவுக்கு அவர் முன்பே ஓர் அடையாளம் ஏற்படுத்தியிருந்தார். ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கலந்த தட்டில் மற்றதெல்லாம் செத்துவிடும், இது மட்டும் வளரும். அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

“முடிச்சுக்குள்ள இருக்கறது பாதிக்கு மேல உங்க பாக்டீரியாதான் மொதலாளி. பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுங்ககிட்ட இப்ப இருக்கற சாவி உங்களுது இல்ல.”

“பின்ன யாருது?”

“மலையோடது. மண்ணு தூவின கொல்லையில மட்டுந்தான் உங்களுது முடிச்சு போட்டிருக்கு. தூவாத கொல்லையில மூணு வருஷமா சும்மாக் குந்திக்கினு இருக்கு. காலேஜ்ல வேல பாக்கற என் சிநேகிதிகிட்டக் குடுத்து வளையத்தோட அளவையும் பாத்துட்டேன். மல பாக்டீரியா வெச்சிருக்கற அதே வளையம். பக்கத்துல நிக்கறதத் தொட்டு, தன் சாவிக்கு ஒரு நகல் எடுத்துக் குடுத்துரும். அதுங்களுக்குள்ள அப்டி ஒரு பழக்கம்.”

நாமெல்லாம் பெற்ற பிள்ளைக்குத்தான் சொத்து எழுதுவோம். அதிலும் ஆயிரம் வழக்கு. மண்ணுக்குள்ளே பக்கத்தில் நிற்கிற வேற்றாளுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கணம் எனக்குப் பாக்டீரியா ஜாதிமேல் பெரிய மரியாதை வந்தது.

“எப்டியோ வேல செய்யுதுல்ல? எழுதிக் குடேம்மா,” என்றார் முதலாளி.

“தாராளமா. ‘பாக்கெட் வேலை செய்யவில்லை. மலை மண்தான் பாக்கெட்டுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது.’ சரின்னா இப்பவே போடறேன் கையெழுத்து.”

முதலாளி படியிறங்கிப் போனார். நான் போகவில்லை. செருப்பைத் தேடுகிறவன் போல நின்று, கடைசியில் சொல்லிவிட்டேன்.

“மேடம், தாய் வித்தக் கெடுத்தது நாந்தாங்க. மோர் வைக்கறதுக்காக மூணு நாள் வெளிய எடுத்து வெச்சேன்.”

அவர் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. “எத்தினி கொழாயி?”

“எல்லாம்.”

“எங்க வெச்சீங்க?”

“ஆவி ரூம் பரண் மேல.”

“அங்க எவ்ளோ சூடு?”

“தெரியலைங்க. உள்ள போனா சட்ட நனைஞ்சிரும்.”

“சட்ட நனையறதெல்லாம் அளவு இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “எங்க வூட்டு பிரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் பக்கத்துலதான், அதுக்கு முன்னாடியே எடுத்தாந்த பழைய கொழாயி ஒண்ணு வெச்சிருக்கேன். எங்க வூட்லயும் மோரு உண்டு. ஆனா இன்சுலின எடுத்துட்டு மோரு வெக்க மாட்டாங்க. ஏன்னா எங்க வூட்ல யாரும் எம்.ஏ. கெடையாது.”

வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

“நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேங்க. உங்க மேல இருக்கற பழி போயிரும்,” என்றேன்.

“எத எழுதுவீங்க?”

“என்னாலதான் கெட்டுதுன்னு.”

“நீங்க எடுத்து வெச்சது உண்ம. அதனாலதான் சாவி போச்சுன்றதுக்கு இன்னா ஆதாரம்? கரன்ட்டு மிச்சம்னு அந்த மாசம் பாக்டீரியா வளக்கற ரூம்ல ஏசியையும்தான் நிறுத்தி வெச்சாரு உங்க மொதலாளி.”

“எது காரணமா இருந்தா இன்னாங்க? உங்களுக்கு நல்லதுதான?”

“அவரு பாக்கெட்டுக்காகப் பாக்காமக் கையெழுத்து கேக்கறாரு. நீங்க எனக்காகப் பாக்காமக் கையெழுத்து போடறேன்றீங்க. ரெண்டும் ஒண்ணுதான். சித்திர வரட்டும். திரும்ப மோரு வெச்சிப் பாப்போம்.”

கெட்ட பெயரிலிருந்து விடுதலை வாசலில் வந்து நிற்கிறது. அதையும் கட்டைப் பிரித்து வேரைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார். ஒரு மனுஷிக்கு இவ்வளவு திமிர் ஆகுமா என்று அன்று முழுக்க எனக்கு எரிச்சல். பாவமன்னிப்புக்கு வந்தவனைப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் வேறென்ன வரும்?

சித்திரை வந்தது. பழைய குழாயிலிருந்து வளர்த்த பாக்டீரியாவை இரண்டு கூறாகப் பிரித்தார். ஒன்று இன்சுலின் பக்கத்தில். இன்னொன்று மாடிப் பரணில், சுடுநீர்ப் பானைக்குப் பக்கத்தில், மூன்று நாள், துண்டு விரித்து. துண்டு அவசியமா என்று கேட்டேன். “நீங்க விரிச்சீங்கல்ல?” என்றார். இந்த முறை தெர்மாமீட்டர் இருந்தது. அதை நான்தான் மணிக்கொரு தரம் பார்த்து எழுதினேன். ஏசியை யாரும் நிறுத்தவில்லை. பாக்டீரியாவை அளவான குளிர்ச்சியிலேயே வளர்த்தார், கணக்கில் மோர் மட்டும் வர வேண்டும் என்பதற்காக. கள்ளக்குறிச்சி வெயிலில் பீன்ஸ் நிற்காது என்று வேகவைத்த மணலும் பத்துத் தொட்டிகளுமாக மலையேறிக் காசியம்மா வீட்டுப் பின்பக்கம் விதைத்தோம். குளிரில் இருந்தது ஐந்து தொட்டி. பரணில் இருந்தது ஐந்து தொட்டி.

ஒரு மாதத்துக்குப் பிறகு பிடுங்குகிற நாள். நான் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காசியம்மா அருகில் நின்றார்.

“இன்னா இவ்ளோ மெதுவா நோட்டீஸ்காரரே? செடியத்தான புடுங்கறீங்க, பல்லையா?”

குளிரில் இருந்த ஐந்திலும் முடிச்சு. கிள்ளினால் இளஞ்சிவப்பு. பரணில் இருந்த முதல் தொட்டியைப் பிடுங்கிக் கழுவினேன். மழமழவென்று சுத்தமான வேர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏழெட்டு முடிச்சு. எனக்குள் ஏதோ துள்ளியது, ஒப்புக்கொள்கிறேன். நான்காவது சுத்தம். ஐந்தாவதில் இரண்டே இரண்டு.

“மூணு தொட்டி முழுசா உங்க வேல,” என்றார் அவர், நோட்டில் எழுதிக்கொண்டே. “ரெண்டு தொட்டில கொஞ்சம் பொழைச்சிருக்கு. ஏசி பங்கு எவ்ளோன்னு இதுல தெரியாது. அத அப்டியே எழுதறேன்.”

“இவரு தப்பு பண்ணாரா இல்லியா, அத சொல்லுங்க,” என்றார் காசியம்மா.

“பண்ணாரு. இப்பத்தான் தெரியும்.”

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என்னிடம் நீட்டினார். மேலே சோதனை, நடுவில் பத்துத் தொட்டி, கீழே ‘வேரைப் பார்த்தவர்கள்’ என்று போட்டு இரண்டு கோடு. முதல் கோட்டில் அவர் கையெழுத்து. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

“படிக்கிற மாதிரி போடுங்க எழுத்தாளரே.”

பிற்பாடு அந்தத் தாளின் நகல் திட்டக்காரர்களிடம் போனது. நான் எழுதிய பழைய கடிதத்தை மறுத்து நானே எழுதிய கடிதமும் கூடவே போனது. இதன் தமிழ் கொஞ்சம் சுமார்தான். அடுத்த வருஷம் வேறு ஊரில் ஒரு ஆய்வகம் அவரை வேலைக்குக் கூப்பிட்டது. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், தொட்டி வைக்கிற அறையைக் காட்டச் சொன்னாராம். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய அன்றே நான் முதலாளியின் அறைக்குப் போனேன். அசல் தாளையும், ஈரத் துணியில் சுற்றிய ஒரு வேரையும் அவர் மேசைமேல் வைத்தேன். முன்பு லட்டுப் பெட்டி இருந்த இடம்.

“இன்னாய்யா இது?”

“தரச் சான்றிதழுங்க. போன தடவ போட்ட கையெழுத்து படிக்க முடியல. திருப்பி எழுதியாந்திருக்கேன்.”

அவர் வேரைத் தொடவில்லை. தாளை மட்டும் இழுத்துப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே என் பெயர் இருந்தது, இனிஷியலோடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.